ராஜாஜி பற்றிப் பேசப் போகும் ஓசூர் மாணவிக்கு

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகள் பேச்சுப் போட்டிக்கு ராஜாஜியை எடுத்திருக்கிறாள். 'நம் மாவட்ட மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய தலைவர்' என்று எழுதியிருக்கிறாள். சரியா? குலக்கல்வி விஷயத்தை விட்டுவிடலாமா? – ஓசூர் வாசகி

பதில்: அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ராஜாஜி 1878-இல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், தொரப்பள்ளியில் பிறந்தவர். ஆனால் 1937-இல் அவர் சட்டமன்றம் போனது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து. 1952-இல் மறுபடி முதல்வரானபோது தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை சட்ட மேலவைக்கு நியமித்தார்.

நம் மண்ணோடு அவருக்குள்ள வலுவான தொடர்பு மதுவிலக்கு. பேச்சில் பாதியை அதற்கே கொடுக்கலாம். அவர் முதன்முறை ஆட்சிக்கு வந்த 1937-இல், அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள் இருந்தன. தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டங்களாயின. கள், சாராயம் வழியாக வந்த வரிப்பணம் நின்றால் அரசுச் செலவுக்கு என்ன செய்வது? 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நல்லது செய்யப் புறப்பட்டவர் அதற்கான பணத்துக்கும் வழி தேடினார். இந்த இடத்தில் உங்கள் மகள் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகப் பேசட்டும்.

அப்புறம், 'பழமைவாதி' என்ற பட்டம். அதில் உண்மை உண்டு. கூட்டுறவுப் பண்ணை முறை வந்தால் விவசாயி தன் நிலத்தின் மீதுள்ள உரிமையை இழப்பான் என்று எதிர்த்து, 1959-இல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழில் தொடங்க லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று அரசு போட்ட கட்டுப்பாடுகளையும் விடாமல் சாடினார். அதே மனிதரின் ஆட்சிதான் 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லட்டும்.

குலக்கல்வியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1953-இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். பள்ளிக்கூடங்கள் போதாத குறையை ஷிஃப்ட் முறையில் சமாளிப்பது அவர் கணக்கு. ஆனால் வண்ணார் பிள்ளை வெளுக்கவும் குயவர் பிள்ளை பானை வனையவும்தானா என்று பெரியாரும் திமுகவினரும் கொதித்தெழுந்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. படிப்பு எட்டாத வீட்டுப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளிதான் மேலே வர ஒரே வழியாக இருந்தது. உங்கள் மகள் வேறு முடிவுக்கு வரலாம், தவறில்லை. ஆனால் மறைக்கக் கூடாது.

கவர்னர் ஜெனரல், பாரத ரத்னா இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். மற்றவர்களும் அதைச் சொல்லத்தான் போகிறார்கள். போட்டிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளி நினைவு இல்லத்துக்கு அழைத்துப் போய் வாருங்கள்.