நண்பரின் காரை வாங்கி ஓட்டும் முன் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால் தப்பாக நினைப்பாரா?

கேள்வி: நண்பரின் காரை இரண்டு நாளுக்கு வாங்கி மதுரையிலிருந்து கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறேன். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டால், காரை ஓசியில் வாங்கிக்கொண்டு கேள்வி வேறு கேட்கிறான் என்று நினைப்பாரோ?

பதில்:

நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், கேளுங்கள். சரியாகக் கேட்காமல் விட்டதற்கு நான் 71,300 ரூபாய் கட்டியிருக்கிறேன். என் மனைவியின் இரண்டு வளையல்கள் பதினான்கு மாதம் அடகில் இருந்தன.

உங்களுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். நண்பரும் பெரிய மனசோடு சாவியை நீட்டியிருப்பார். அந்த நேரத்தில் "பேப்பரைக் காட்டு" என்று வாய் வராது, எனக்குத் தெரியும். எனக்குக் கார் கொடுத்தது சொந்தத் தாய்மாமன். அவரிடம் எப்படிப் பேப்பர் கேட்பது?

ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டேன். "இன்சூரன்ஸ் எல்லாம் இருக்குல்ல மாமா?" என்றேன். "இருக்கு மாப்ள, மூணு வருஷத்துக்குச் சேத்துல்ல கட்டியிருக்கேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நான் மாட்டிக்கொண்டதே அந்த உண்மையில்தான்.

2023 தை மாதம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுபடி டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போயிருந்தேன். எங்கள் ஊர் சோழவந்தானைத் தாண்டி உள்ளே. திரும்பும்போது கோச்சடை வழியாக மேலக்கால் ரோட்டைப் பிடித்தேன். ஏழு மணி இருக்கும். அறுப்பு நேரம், ரோட்டில் வைக்கோல் டிராக்டர்கள் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு முன்னால் போன டிரெய்லரில் பின்விளக்கு கிடையாது, சிவப்பு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி, இருட்டோடு இருட்டாகப் போனது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. வலது பக்கம் ஒடித்தேன். டிரெய்லரின் இரும்புக் கம்பி இடது முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. எதிரே தேங்காய் மூட்டையோடு டிவிஎஸ் 50இல் வந்த பெரியவர் என் காரைப் பார்த்து மிரண்டு சறுக்கி விழுந்தார்.

கார் நின்றபோது ஒரு ஹெட்லைட் மட்டும் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தேங்காய்கள் ஒவ்வொன்றாக உருண்டு வாய்க்கால் பக்கம் போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பெரியவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போனதும் அவர் கேட்டது, "உள்ள அம்மா மாதிரி இருக்கே, அதுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றுதான். டிராக்டர் நிற்கவே இல்லை.

கவனக்குறைவாக ஓட்டியிருப்பேன் என்று சிலர் எழுதுவார்கள். நாற்பதில்தான் போனேன், அம்மா கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்ததால் அதற்கு மேல் மிதிக்கவே இல்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் "கிளைமா, கைக்காசா?" என்று கேட்டார்கள். கிளைம்தான் என்று மாமாவுக்குப் போன் போட்டேன். பீரோவிலிருந்து ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். மேஜைக்குப் பின்னால் இருந்த தம்பி பாலிசியை விரித்து, கிரீஸ் ஒட்டிய விரலால் இரண்டு வரிகளைக் காட்டினார். தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான வரியில் முடிவுத் தேதி 16.11.2023. அதற்கு மேல் வரியில், சொந்த வண்டியின் சேதத்துக்கான தேதி 16.11.2021. முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

விஷயம் இதுதான். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருஷம், புது டூவீலருக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுப்பார்கள். அதை வருஷா வருஷம் நாமாகப் புதுப்பிக்க வேண்டும். மாமாவைப் போல எத்தனையோ பேர் மொத்தமும் கட்டியாச்சு என்று பையை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். உங்கள் நண்பரும் "இருக்கு" என்றுதான் சொல்வார். "ரெண்டு தேதியும் என்ன?" என்று கேளுங்கள். எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் தேதி வரும். அதோடு நிறுத்தாமல் பாலிசித் தாளையே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெரியவரின் கை முறிவுக்கு வழக்கு வந்தது. தேர்ட் பார்ட்டி உயிரோடு இருந்ததால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டியது. ஆக்சிடென்டுக்கு இருபது நாள் முன்புதான் என் லைசென்ஸைப் புதுப்பித்திருந்தேன். அது காலாவதியாகிக் கிடந்திருந்தால், கம்பெனி பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை மாமாவிடம் வசூல் செய்திருக்கும். ஓட்டியது நான், சம்மன் போனது மாமா பெயருக்கும் சேர்த்து. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தேர்ட் பார்ட்டியும் இல்லாத வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோகூட. வண்டி அடுத்தவருடையது என்று ஓட்டியவர் தப்பிக்க முடியாது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு என்று இருக்குமே, அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டும்போதுதான். வாங்கி ஓட்டுகிற உங்களுக்கு இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர், உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்து வையுங்கள்.

நண்பருக்குக் காசு கொடுத்துக் காரை எடுப்பதாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். வெள்ளை போர்டு காரை, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த காரை வாடகைக்கு விடுவதைப் பாலிசி நிபந்தனையே ஏற்காது, கம்பெனி கையை விரித்துவிடும். முழு இன்சூரன்ஸ் இருந்து கிளைம் போட்டாலும் போவது அவருடைய நோ கிளைம் போனஸ், கிளைம் போடாமல் இருந்ததற்குச் சேத இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி. ஐந்து வருஷம் கிளைமே போடாதவருக்கு அது 50 சதவீதம் வரை இருக்கும். பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதிதான் தருவார்கள். அந்த மீதியை யார் கொடுப்பது என்றும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

நான் வக்கீலும் இல்லை, இன்சூரன்ஸ் ஏஜென்டும் இல்லை. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். பட்டதைச் சொல்கிறேன்.

"சொந்தமாக வண்டி இல்லாதவன் பஸ்ஸில் போகவேண்டியதுதானே" என்றும் ஒருவர் வருவார். எந்த பஸ்ஸில் போவது? எங்கள் ஊருக்கு ராத்திரி வந்துகொண்டிருந்த கடைசி பஸ்ஸைக் கொரோனாவில் நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்ப விடவில்லை. ஊரே கையெழுத்துப் போட்டு மூன்று தடவை மனு கொடுத்தோம். மதுரையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருகிறார்கள். அவர்களுடைய அப்பாமார் யாரிடமாவது பைக்கை வாங்கிக்கொண்டு கூப்பிடப் போகிறார்கள். அந்தப் பைக்குகளில் எத்தனைக்கு இன்சூரன்ஸ் இருக்கும்? யார் கேட்பது?

காரை அப்படியே பழையபடி ஆக்கி, டேங்க்கை நிரப்பி, கழுவித்தான் மாமா வீட்டில் விட்டேன். மாமா ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் ஒரு காதுகுத்தில் அத்தை பந்தியில் வைத்து, "நல்லா இருந்த காரக் கொண்டுபோய் இடிச்சுட்டு வந்துட்டான்" என்றார். எனக்கு எதிரில்தான் சொன்னார். இலையில் சோறு கிடந்தது, எழுந்துவிட்டேன். 71,300 ரூபாய் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அத்தை அதைக் கேட்டதும் இல்லை, நான் காட்டியதும் இல்லை.

இன்று ராத்திரியே நண்பருக்கு போன் பண்ணுங்கள். சேத இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் வண்டியை ஆய்வு பண்ணிப் பார்த்த பிறகுதான் புதிதாகப் போடுவார்கள், கிளம்புகிற அன்று காலையில் கேட்டு ஒன்றும் ஆகாது. அதற்குள் முடியவில்லை என்றால் ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்கு நேராகவே பஸ் இருக்கிறது. ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்காருங்கள்.