பழைய வாட்சுக்கு எந்த செயின்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் இப்போது என்னிடம் இருக்கிறது. பின்மூடியின் உட்பக்கத்தில் 145.022-69 என்று பொறித்திருப்பதாக சர்வீஸ் செய்தவர் சொன்னார். பழைய செயின் தொலைந்துபோயிற்று. காதுகளுக்கு (கேஸிலிருந்து நீண்டு செயினைப் பிடிக்கும் கொம்புகளுக்கு) நடுவே அளந்து பார்த்து 20 மில்லிமீட்டரில் ஒரு ஸ்டீல் செயின் வாங்கினேன். மாட்டிக்கொண்டது, ஆனால் கேஸுக்கும் செயினுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. கையை ஆட்டினால் கடகடவென்று சத்தம். அளவு சரியாக இருந்தும் ஏன் பொருந்தவில்லை?

பதில்: அளவில் நீங்கள் தவறவில்லை. 145.022-க்கு 20 மி.மீ.தான். ஆனால் அகலம் சரியாக இருந்தால் செயின் காதுகளுக்கு நடுவில் நுழையும், அவ்வளவுதான். அது கேஸோடு ஒட்டி உட்காருமா என்பதை முடிவு செய்வது செயினின் இரு கோடியிலும் உள்ள வளைந்த முனைத்துண்டு. கேஸ் விளிம்பின் வளைவு, ஸ்பிரிங் பார் (செயினைக் காதுகளோடு பிணைக்கும் சிறு கம்பி) போகும் துளை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, காது எவ்வளவு கீழே இறங்குகிறது என்று மூன்றையும் கணக்கில் வைத்து அந்தத் துண்டை வார்த்திருப்பார்கள். இதில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் நீங்கள் சொல்கிற இடைவெளி வந்துவிடும்.

அதனால்தான் பழைய செயினைத் தேடும்போது எப்போதும் இரண்டு எண்களைக் கேளுங்கள் என்கிறேன். செயினுக்கு ஒரு எண், முனைத்துண்டுக்கு ஒரு எண். ‘ஒமேகா 1039 இருக்கிறதா?’ என்று கேட்டால் போதாது, ‘1039, முனை 516’ என்று கேட்க வேண்டும். 506 என்று பொறித்த முனை பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். ஆனால் அது 19 மி.மீ. காதுள்ள பழைய ஸ்பீட்மாஸ்டர்களுக்கானது.

உங்கள் வாட்சுக்கு எது? 145.022 மாடல் 861 இயந்திரத்தோடு 1968-ல் வந்து பல வருடங்கள் ஓடியது. தொடக்க காலத்தில் தட்டைக் கண்ணிகள் கொண்ட 1039, அதற்கு 516 முனை. 1970-களில் போனால் 1171, அதற்கு 633 முனை. பின்மூடியில் உள்ள 69 என்பது அந்த மூடி வகையின் வருடம். வாட்ச் அதற்குப் பிறகும் ஓரிரு வருடம் கழித்து வெளியே போயிருக்கலாம். அப்பா அதை எந்த வருடம் வாங்கினார் என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் கேளுங்கள். அந்தக் காலத்துப் புகைப்படம் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. மணிக்கட்டு தெரிகிற ஒரே ஒரு படம் போதும், கண்ணியின் அகலத்தை வைத்தே 1039-ஆ 1171-ஆ என்று சொல்லிவிடலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் நான் 1039-ஐத்தான் தேடுவேன். பூட்டின் உட்பக்கத்தில் காலாண்டும் வருடமும் பொறித்திருக்கும். 4/69 என்றால் 1969-ன் கடைசிக் காலாண்டு. அந்தத் தேதி உங்கள் வாட்சின் காலத்தை ஒட்டி வந்தால் நிம்மதியாக வாங்கலாம்.

கேள்வி: ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 1601 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சீரியல் எண்படி 1968 வாக்கில் செய்தது. விற்பவர் ‘செயின் முதற்கொண்டு எல்லாம் ஒரிஜினல்’ என்கிறார். பூட்டைத் திறந்து பார்த்தால் 62510H என்றும் பக்கத்தில் C என்ற எழுத்தும் இருக்கிறது. ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்று என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் அவர் சொல்வது அப்படியே உண்மையும் இல்லை. ரோலெக்ஸ் பூட்டுகளில் எழுத்துக் குறியீடு 1976-ல் A-யோடு தொடங்கியது. அந்த வரிசையில் C என்றால் 1978. அதற்கு முன் எண்களில்தான் எழுதினார்கள். 1968-ல் வெளிவந்த வாட்சின் சொந்தப் பூட்டாக இருந்தால் 3 68 போல, அதாவது மூன்றாம் காலாண்டு 1968 என்று, எண்கள் தெரிய வேண்டும். ஆக, அந்தப் பூட்டு வாட்சுக்குப் பத்து வயது இளையது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். செயினின் எண் இருப்பது பூட்டின் மடக்குத் தகட்டில். முதலில் தேய்வதும் உடைவதும் அந்தப் பூட்டுதான், அதனால் முதலில் மாற்றப்படுவதும் அதுதான். எனவே பூட்டை மட்டும் படித்துவிட்டு செயின் முழுவதையும் எடை போடக் கூடாது. ஸ்பிரிங் பாரைக் கழற்றச் சொல்லி முனைத்துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். 55 என்று இருந்தால் அது பழைய 6251H ஜூபிலியோடு (ஐந்து வரிசைக் கண்ணி கொண்ட ரோலெக்ஸ் செயினோடு) போகும் முனை. 555 என்றால் 62510H-க்கு உரியது. அப்புறம் ஒரு லென்ஸை வைத்துக் கண்ணிகளைப் பக்கவாட்டில் பாருங்கள். 6251H-ன் கண்ணிகள் தகட்டை மடித்துச் செய்தவை, மடிப்பின் கோடு தெரியும்.

பூட்டில் 62510H, முனையில் 55, கண்ணிகள் மடிப்பு என்று வந்தால், 1968-ன் செயினுக்கு 1978-ல் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பயன்படுத்திய வாட்சில் இது நடப்பதுதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சொல்லப்போனால் அப்படிப்பட்ட செயினை நான் சந்தோஷமாக வாங்குவேன். மூன்றுமே பின்னாளையது என்றால் செயின் முழுவதும் மாறியிருக்கிறது. வாங்கலாம், ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்காகக் கூட்டிய விலையைக் கொடுக்காதீர்கள்.

பொறிப்பையும் லென்ஸில் ஒரு தடவை பாருங்கள். அச்சால் அடித்த எழுத்தின் ஓரத்தில் உலோகம் சற்றே விலகி எழும்பியிருக்கும், பள்ளம் சீராக ஆழமாக இருக்கும். பிற்காலப் போலிகள் பலவற்றில் எழுத்து மேலோட்டமாகச் சுட்டெடுத்தது போல் மெல்லியதாக இருக்கும். நல்ல செயின் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

கேள்வி: 1960-களின் ரோலெக்ஸ் சப்மரினர் 5513-க்கு 93150 செயின் போடலாமா?

பதில்: கட்டிக்கொள்ளப் போடலாம். 580 முனையோடு வாங்கினால் நன்றாகவே உட்காரும், கண்ணிகளும் திடமானவை. ஆனால் அது 1970-களின் பிற்பகுதியில் வந்த செயின். 60-களின் 5513-க்குக் காலம் பொருந்துவது ரிவெட் அடித்த 7206, அதற்கு 80 முனை. அந்தப் பத்தாண்டின் கடைசியை ஒட்டிய வாட்சானால் மடிப்புக் கண்ணி 9315-ஐயும் பார்க்கலாம். அதன் முனை 280 அல்லது 380. ரிவெட் செயின் மெலிவானது, தினமும் கட்டினால் பாவம் தாங்காது. ஆகவே 93150-ஐக் கட்டுங்கள். 7206 கிடைத்தால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய ஜெனித் எல் பிரிமெரோவின் ஏணி வடிவச் செயினில் GF என்று இருக்கிறது. யாரோ வேறு கம்பெனி செயினை மாட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, மகிழுங்கள். GF என்பது ஜெனீவாவின் கே ஃப்ரேர் செயின் பட்டறை. 1969-ல் வந்த எல் பிரிமெரோவுக்கு அந்த ஏணிச் செயினைச் செய்தவர்கள் அவர்கள்தான். 1972-ன் ஆடமார் பிகே ராயல் ஓக், 1976-ன் படேக் பிலிப் நாட்டிலஸ் இரண்டின் செயினும் அவர்கள் கைவேலை. ரோலெக்ஸுக்கும் நெடுங்காலம் செய்து கொடுத்தார்கள். 1998-ல் ரோலெக்ஸ் அந்தப் பட்டறையையே வாங்கிவிட்டது. பழைய செயினில் வாட்ச் கம்பெனியின் பெயரைக் காணோம் என்பதற்காக யாராவது தூக்கி ஓரமாகப் போட்டிருந்தால், அதை எடுத்து GF இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் பழைய செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பாலிஷ் போட்டால் சரியாகுமா?

பதில்: வாட்சின் முகம் பக்கவாட்டில் இருக்கும்படி செயினைக் கிடையாக நீட்டிப் பிடியுங்கள். புதிய செயின் விறைப்பாக நிற்கும். தேய்ந்தது கயிறு போல வளைந்து தொங்கும். பின்களும் அவை போகும் துளைகளும் அரைபட்டுப்போவதால் வருவது இது. தங்கச் செயினில் இது ஸ்டீலைவிடச் சீக்கிரம் வரும். பாலிஷ் இதைத் தொடக்கூட முடியாது, பளபளப்பு வருமே தவிர உலோகம் குறையும், பொறித்த எண்களும் மங்கும். அந்த எண்கள் போய்விட்டால் மேலே நான் சொன்ன எதையும் வைத்துச் சரிபார்க்க வழியில்லை. பின்னும் குழாயும் புதிதாக வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், திடக் கண்ணிகளில் அது நன்றாக வரும். மடிப்புக் கண்ணி ரொம்பத் தொங்கினால் வேறொன்றைத் தேடுங்கள்.