ஆங்கில எம்.ஏ.வுக்குப் பிறகு அமெரிக்கா: உங்கள் கட்டணத்தைக் கட்டப்போவது கட்டுரை வகுப்பு

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தேன், 68 சதவீதம். இரண்டு வருடமாக ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் சிறுகதை எழுதுவேன். அமெரிக்காவில் மேலே படிக்க ஆசை. இலக்கியத்தில் பிஎச்.டி., கிரியேட்டிவ் ரைட்டிங்கில் (கதை, கவிதை எழுதுவதில்) எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டம், ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன் என்று மூன்று கண்ணில் படுகின்றன. எதற்கு விண்ணப்பிப்பது? ஜி.ஆர்.இ. எழுத வேண்டுமா? கடன் வாங்காமல் போக வழி உண்டா?

பதில்: ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஆங்கில இலக்கியத்துக்கென்று தனியாக இருந்த பாடத்தேர்வு 2021 ஏப்ரலோடு நின்றுபோனது. அதற்கான பழைய வழிகாட்டிப் புத்தகத்தை யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். பொதுத் தேர்வையும் இன்று பல ஆங்கிலத் துறைகள் கேட்பதில்லை. ஒன்றிரண்டு துறைகள் கேட்கின்றன என்பதற்காக மூன்று மாதம் கணக்குப் போட்டுப் பழகுவது வீண். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் அப்படியில்லை. ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் சில இடங்களில் விலக்கு கிடைக்கும். ஆனாலும் வகுப்பெடுக்கப்போகிறவரின் பேச்சுப் பகுதி மதிப்பெண்ணைத் தனியாகப் பார்க்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. நீங்கள் வகுப்பெடுக்கத்தான் போகிறீர்கள். ஆகவே எழுதிவிடுங்கள்.

கடன் இல்லாமல் போக வழி உண்டு. அந்த வழி எது என்று தெரிந்துகொண்டால், மூன்றில் எது என்ற கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங் மாணவரானாலும் நர்சிங் மாணவரானாலும் முதலாண்டில் கட்டுரை எழுதும் வகுப்பு ஒன்றைப் பெரும்பாலும் முடித்தாக வேண்டும். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வகுப்புப் பிரிவுகள் ஓடும். அவற்றில் கணிசமானவற்றை எடுப்பவர்கள் ஆங்கிலத் துறையின் எம்.எஃப்.ஏ., பிஎச்.டி. மாணவர்கள். அதற்குக் கூலியாகத்தான் கல்விக் கட்டணத் தள்ளுபடியும் மாத ஸ்டைபெண்டும் வருகின்றன. டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப் என்பது இதுதான். கவிதை எழுதப் போனாலும் ஷேக்ஸ்பியர் படிக்கப் போனாலும் உங்கள் கட்டணத்தைக் கட்டுவது கட்டுரை வகுப்பு.

அந்த வேலையின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் எழுத்து கற்பிக்கும் ஆசிரியர்களின் அமைப்பு ஒரு வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்கிறது; நடைமுறையில் 22, 24 என்று ஏறும். 20 பேர், பருவத்துக்கு 4 கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைவும் ஒரு திருத்திய படியும் என்று வைத்தால் 160 வாசிப்பு. ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்றாலே 40 மணி நேரம். வகுப்பும் தயாரிப்பும் தனி. சில துறைகளில் பருவத்துக்கு இரண்டு வகுப்பு கொடுப்பார்கள். இது உங்களுக்குச் சுமையாகத் தெரிகிறதா, பழகிய வேலையாகத் தெரிகிறதா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பெடுக்காமல் முழு உதவித்தொகையோடு எழுத மட்டும் விடும் இடங்களும் இருக்கின்றன. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மிச்னர் மையம் மூன்றாண்டு எம்.எஃப்.ஏ.வை அப்படி நடத்துகிறது. எடுத்துக்கொள்வது சொற்பம் பேரைத்தான். அதை மட்டும் நம்பித் திட்டம் போட முடியாது.

எம்.எஃப்.ஏ. இரண்டு அல்லது மூன்று ஆண்டு. நடுநாயகம் ஒர்க்‌ஷாப்: பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு வாரம் முன்பே படித்து வந்த கதையைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் பல இடங்களில் வாயே திறக்கக் கூடாது. அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய ஒர்க்‌ஷாப் இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. எழுதுவதற்கு நேரமும் நல்ல வாசகர்களும் கிடைப்பதுதான் இதன் லாபம். வேலைக்கு உத்தரவாதம் இல்லை. தமிழும் கைவசம் இருப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு கிளை, இலக்கிய மொழிபெயர்ப்பு எம்.எஃப்.ஏ. அயோவாவிலும் ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. தமிழிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர் அங்கே பத்தோடு பதினொன்றாக இருக்க மாட்டார்.

இலக்கிய பிஎச்.டி. ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை இழுக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டு பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வேடு. ஒன்றிரண்டு வேற்றுமொழிகளில் வாசிக்கும் திறனும் கேட்பார்கள். ஆய்வுக்குத் தொடர்பிருந்தால் தமிழை ஏற்பார்களா என்று துறைக்கு எழுதிக் கேட்கலாம். முடித்தவர்களுக்கு நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைப்பது பல வருடமாகவே அரிது. சில துறைகள் ஓராண்டு சேர்க்கையையே நிறுத்திவைப்பதும் உண்டு. செப்டம்பரில் துறையின் இணையப் பக்கத்தைப் பார்க்காமல் பட்டியலை இறுதி செய்யாதீர்கள்.

மூன்றாவது ரெட்டரிக் அண்ட் காம்போசிஷன். பெயரைக் கேட்டால் இலக்கணமும் லெட்டர் ரைட்டிங்கும் போலத் தோன்றும். உண்மையில் மனிதர்கள் எழுதக் கற்பது எப்படி, ஏன் தடுமாறுகிறார்கள், எழுத்தை எப்படி மதிப்பிடுவது என்பதை ஆராயும் துறை. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அந்நகரில் உயர்நிலைப் பள்ளி முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டது. வந்து குவிந்த மாணவர்களின் ஆங்கிலத்தைப் பார்த்துப் பலர் தலையில் கைவைத்தபோது, மினா ஷாக்னெஸி என்ற ஆசிரியை சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, அந்தப் பிழைகளுக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்று காட்டினார். இந்தத் துறை காலூன்றியதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. பர்டூ, பென் ஸ்டேட், கார்னகி மெலன், சிராக்யூஸ் ஆகியவை இதில் பெயர் பெற்ற இடங்கள். இரண்டாம் மொழியில் எழுதுவது பற்றிய ஆய்வுக்குப் பர்டூ.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி முக்கியமாகிறது. தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு இரண்டு வருடம் ஆங்கிலம் எடுத்திருக்கிறீர்கள். இலக்கியத் துறையில் அது ஒரு வேலை அனுபவம், அவ்வளவுதான். காம்போசிஷன் துறையில் அதுவே ஆய்வுப் பொருள். ஆகவே என் யோசனை: மொத்தம் பத்து விண்ணப்பம், ஐந்து காம்போசிஷனுக்கு, அதில் இரண்டு மூன்று உதவித்தொகை தரும் மாநிலப் பல்கலைக்கழக எம்.ஏ.க்கள், நான்கு எம்.எஃப்.ஏ.; மனம் கேட்காவிட்டால் ஒரே ஒரு இலக்கிய பிஎச்.டி. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை. பத்துக்கு ஆயிரம் டாலரை எட்டும். கட்டண விலக்கு உண்டா என்று ஒவ்வொரு இடத்திலும் மின்னஞ்சலில் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். உதவித்தொகை இல்லாத ஓராண்டு எம்.ஏ.க்குப் பெரிய பெயரைப் பார்த்து மயங்கிக் கடன் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் இந்தத் துறையில் லேசில் வராது.

இனி, சேர்க்கைக் குழு உண்மையில் படிக்கும் தாள். 68 சதவீதத்தை அமெரிக்காவின் நான்கு புள்ளி மதிப்பெண் அளவுக்கு நீங்களாக மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மார்க் ஷீட்டில் உள்ளபடி கொடுங்கள். தீர்மானிப்பது எழுத்து மாதிரி, அதாவது நீங்கள் எழுதியதில் விண்ணப்பத்தோடு அனுப்பும் பகுதி.

ஆய்வுக் கட்டுரை மாதிரி இரட்டை இடைவெளியில் 15 முதல் 20 பக்கம் இருக்கும். நம் எம்.ஏ. ஆய்வேட்டை அப்படியே அனுப்புவதுதான் இங்கிருந்து போகும் விண்ணப்பங்களின் பெரிய பலவீனம். அதன் அமைப்பு உங்களுக்கே தெரியும்: முதல் இயலில் ஆசிரியரின் பிறப்பும் வாங்கிய விருதுகளும், நடுவில் கதைச்சுருக்கம், ஒரு கோட்பாட்டின் வரையறை, கடைசியில் தொகுப்புரை. இதைப் படிக்கும் குழுவுக்கு உங்கள் மூளை எங்கே வேலை செய்தது என்று தெரியாது. முதல் இயலையும் கடைசி இயலையும் தூக்கிப் போடுங்கள். நடு இயலில் உங்களுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வியைப் பிடியுங்கள். “பின்காலனியப் பார்வையில் இன்னாரின் நாவல்கள்” கேள்வி அல்ல. தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல் எழுதிய அ. மாதவையா, சாதியையும் உறவுமுறையையும் ஆங்கில வாசகருக்கு எந்த இடத்தில் விளக்குகிறார், எந்த இடத்தில் விளக்காமல் விடுகிறார், ஏன் என்பது கேள்வி. இரண்டாம் பக்கத்துக்குள் உங்கள் வாதம் வந்துவிட வேண்டும். மேற்கோள் காட்டினால் அடுத்த நான்கு வரியில் அந்த மேற்கோளின் சொற்களைத் தொட்டுப் பேசுங்கள். அறிஞர்களை ஆமோதிக்க மட்டும் இழுக்காமல், ஒருவரோடாவது முரண்படுங்கள். காம்போசிஷனுக்கு உங்கள் வகுப்பையே எடுக்கலாம்: மாணவர்கள் விடுப்புக் கடிதத்தில் மனப்பாட வாசகங்களை விட்டு ஏன் நகர மறுக்கிறார்கள்? மாணவர் எழுத்தைக் காட்டுவதானால் எழுத்துமூலம் அனுமதி வாங்கிப் பெயரை மறைத்துவிடுங்கள்.

சிறுகதை மாதிரி பெரும்பாலும் 20 முதல் 30 பக்கம், அதாவது ஆறாயிரம் முதல் எட்டாயிரம் சொல். இடத்துக்கு இடம் மாறும். சொன்ன அளவைத் தாண்டினால் மீதியைப் படிக்க மாட்டார்கள். சிறந்த கதை முதலில். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, வெளிநாட்டார் படிப்பார்களே என்று கதைக்குள்ளேயே இட்லிக்கும் தாலிக்கும் பொழிப்புரை எழுதுவது. கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததைக் கதாபாத்திரம் விளக்காது. பின்னால் சொல்லடைவும் வேண்டாம்.

ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், அதாவது எதற்காகப் படிக்க வருகிறீர்கள் என்று சொல்லும் கடிதம், 800 முதல் 1,000 சொல். சிறுவயதிலிருந்தே புத்தகப் பிரியன் என்று ஆரம்பிக்காதீர்கள். விண்ணப்பிக்கும் எல்லோருமே அப்படித்தான். என்ன கேள்வி, அதை இதுவரை எப்படித் துரத்தினீர்கள், இந்தத் துறையில் யாரோடு, ஏன். பெயர் சொல்லும் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வகைக்கும் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. “நீயே எழுதிக் கொண்டுவாப்பா, கையெழுத்துப் போடுறேன்” என்று ஹெச்.ஓ.டி. சொல்லலாம். மூன்று பேரும் அப்படிச் சொன்னால் மூன்று கடிதமும் ஒரே நடையில் போய்ச் சேரும், குழு கண்டுபிடித்துவிடும். அவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்தத் தாள் எடுத்தார், நீங்கள் எழுதிய கட்டுரை என்ன, வகுப்பில் என்ன வாதாடினீர்கள். கடிதத்தை அவர்களே எழுதி, கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போர்ட்டலில் ஏற்ற வேண்டும்.

மாதிரியை ஆகஸ்டுக்குள் முடியுங்கள், கடிதத்துக்குச் செப்டம்பரில் சொல்லிவையுங்கள். கடைசித் தேதிகள் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி வரை விழும். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் பொது ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு முன்பே யாராவது அவசரப்படுத்தினால் இந்தத் தேதியைச் சுட்டிக்காட்டி அவகாசம் கேளுங்கள்.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை: ஸ்டைபெண்ட் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டுக்கா? மருத்துவக் காப்பீடும் மாணவர் கட்டணங்களும் தள்ளுபடிக்குள் வருமா? கோடையில் வகுப்பு கிடைக்குமா? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது, வெளியே தனி அனுமதி இல்லாமல் பகுதிநேர வேலை என்பதும் கிடையாது. முதல் சம்பளம் ஆகஸ்டில் போய் இறங்கியவுடன் வராது. வீட்டு அட்வான்ஸுக்கும் முதல் மாதச் செலவுக்கும் கையில் பணம் வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை அனுபவத்துக்குக் கிடைக்கும் ஓபிடி ஆங்கிலத் துறைக்கு 12 மாதம் மட்டுமே. இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு உங்களுக்கு இல்லை.

திரும்பி வந்து கல்லூரி வேலை பார்ப்பதானால், 2018 யுஜிசி ஒழுங்குமுறைப்படி உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி. இருந்தால் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட் வேண்டாம். எம்.எஃப்.ஏ.வுக்கு அந்தச் சலுகை கிடையாது. எம்.எஃப்.ஏ. பக்கம் போவதென்றால் நெட்டை எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியலோடு பழகியதால் பலருக்குச் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அப்போது உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “எஃப்.என்.யு.” என்று விழும், பெயர் தெரியாது என்று பொருள். பிறகு பல்கலைக்கழகக் கணக்கு, வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராகச் சுற்றும். தந்தை பெயரைச் சர்நேமாகச் சேர்த்து விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கல்லூரியில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.