வீட்டில் தறிதான் வருமானம். மெக்கானிக்கல் படிக்க 4 லட்சம் கடன் வாங்கலாமா?

கேட்டிருக்கும் தம்பிக்கு ஊர் சேலம் மாவட்டம் தாரமங்கலம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். பிளஸ் டூ முடிந்துவிட்டது, மெக்கானிக்கல்தான் படிக்க ஆசை. கோவையில் விடுதியில் தங்கிப் படித்தால் வங்கியில் 4 லட்சம் வாங்க வேண்டிவரும், படித்து முடித்தால் கைக்கு 15,000 வந்தாலே பெரிது என்கிறார்கள், இது கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்.

நான் சேலம் அம்மாபேட்டை. எங்கள் வீட்டிலும் தறிதான். 2010-ல் இதே மாதிரி கோவைக்குப் போய் விடுதியில் தங்கி மெக்கானிக்கல் படித்தேன். கல்விக் கடனின் கடைசித் தவணையைக் கட்டியது 2022-ல். அதனால் இதை என் கணக்கிலிருந்தே சொல்கிறேன்.

வங்கி எனக்குக் கொடுத்தது இரண்டரை லட்சம். கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான் தருவேன் என்று மேனேஜர் சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம். உண்மையில் கல்விக் கடன் திட்டத்தில் விடுதி, மெஸ், புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கலாம். அது தெரியாததால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா தெருவில் ஒருவரிடம் ஒரு லட்சம் வாங்கினார். ரெண்டு வட்டி. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 24 சதவீதம். மாதம் 2,000 ரூபாய் வீதம் ஆறு வருடம் கட்டினோம். வட்டி மட்டும் 1,44,000 போனது, அசல் ஒரு லட்சம் அசையாமல் அப்படியே நின்றது. அம்மாவின் நகையில் மூன்று பவுன் அடகுக் கடையில் மூழ்கிவிட்டது.

வங்கிக் கடனின் கதையே வேறு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்ததால் படித்த காலத்து வட்டியை மத்திய அரசின் மானியம் பார்த்துக்கொண்டது. இரண்டரை லட்சம் வாங்கிய கடன் தவணை தொடங்கும்போதும் இரண்டரை லட்சமாகவே இருந்தது. எல்லோரும் பயப்படுவது வங்கிக் கடனைப் பார்த்துத்தான். எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது அந்த ஒரு லட்சம்.

2014-ல் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன், சம்பளம் 9,500. தவணை தொடங்கியபோது 11,000 வாங்கிக்கொண்டிருந்தேன். வங்கிக்கு 4,400, தெரு வட்டிக்கு 2,000, நாலு பேர் தங்கிய ரூமில் என் பங்கு 1,200. மீதி 3,400 ரூபாயில்தான் சாப்பாடு, பஸ், மற்றதெல்லாம். ஊருக்கு வர வேண்டுமென்றால் இரண்டு முறை யோசிப்பேன். கோவைக் கல்லூரி என்றால் மதிப்பு என்று நம்பித்தான் விடுதிக்கு அவ்வளவு செலவு செய்தோம். ஓசூரில் இன்டர்வியூ எடுத்தவர் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார், எந்த ஊர்க் கல்லூரி என்றே கேட்கவில்லை.

மெக்கானிக்கலில் சம்பளம் ஏறவே ஏறாது என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் போடவும், உதிரிபாகங்களைத் துல்லியமாக அளக்கும் சி.எம்.எம். மெஷினில் அளக்கவும் கற்றுக்கொண்ட பிறகு 2018-ல் 24,000 ஆனது, இப்போது ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டேன். ஆனால் அந்த ஏற்றம் வர எனக்கு நாலு வருடம் ஆனது, தவணை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த நாலு வருடத்தை உங்கள் தவணை தாங்குமா? பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, உங்கள் 4 லட்சத்துக்கு வருவோம். வருடத்துக்கு ஒரு லட்சமாக வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. அந்த ஐந்து வருடத்துக்கும் தனிவட்டி ஓடும், மொத்தம் 1,40,000. ஆக, 5,40,000 ரூபாய்க்கு நீங்கள் தவணை கட்டத் தொடங்குவீர்கள். ஏழு வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 8,960. கையில் வருவது 15,000. வெளியூரில் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் 6,000 எடுத்துவைத்தால் மீதி 40 ரூபாய். இதைப் பதினைந்து வருடமாக நீட்டலாம், தவணை 5,800 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

வட்டி மானியம் கிடைத்தால் இதே கடனுக்குத் தவணை 6,640. நான் படித்தபோது இல்லாத ஒரு நிபந்தனை இப்போது அதில் இருக்கிறது. கல்லூரியின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கும் நாக் (NAAC) அங்கீகாரமோ, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் என்.பி.ஏ. (NBA) அங்கீகாரம் நீங்கள் சேரும் பாடத்துக்கோ இருக்க வேண்டும். கல்லூரிக்காரர்கள் 'எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்வார்கள், மெக்கானிக்கலுக்கு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பாதியில் படிப்பை விட்டாலும் மானியம் போய்விடும்.

அதைவிட முக்கியமானது, இந்த 4 லட்சமே உங்களுக்குத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கவுன்சிலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால், 2017-ல் நிர்ணயித்தபடி அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு ஆண்டுக்கு 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் 87,000, பல இடங்களில் அதற்குமேல் டொனேஷனும் கேட்பார்கள். உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20,000 சலுகை உண்டு. அப்படியானால் நாலு வருடக் கட்டணம் 1,40,000-தான். இந்த வருடத் தொகையைக் கல்லூரியில் கேட்டு இதே மாதிரி போட்டுப் பாருங்கள். தாரமங்கலத்திலிருந்து சேலத்துக் கல்லூரிக்கு தினமும் பஸ்ஸில் போய்வரலாம், மதியத்துக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம். பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்தாலும் 2 லட்சத்தில் முடித்துவிடலாம். மானியத்தோடு அதற்குத் தவணை மாதம் 3,320. 15,000 சம்பளத்தில் இதைத் தாராளமாகக் கட்டலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை முதலில் பாருங்கள். 2021-லிருந்து பொறியியலுக்கும் அது உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் தெரு நண்பன் ஒருவன் பாலிடெக்னிக் முடித்துப் பத்தொன்பது வயதில் வேலைக்குப் போனான். பிறகு சேலம் கருப்பூரில் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியில் பகுதி நேர பி.இ. படித்தான். ஷிப்ட் முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடுவான், கஷ்டம்தான், ஆனால் ஒரு ரூபாய் கடன் இல்லை. பிளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். வீட்டில் உடனே வருமானம் வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது.

வங்கிக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வருமானச் சான்றும் முதல் பட்டதாரி சான்றும் கையில் இருக்கட்டும். 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, சொத்துப் பத்திரமும் கேட்கக் கூடாது. கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணம் போக மற்றச் செலவையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், அதற்காக அப்பா தெருவில் கை நீட்ட வேண்டாம். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும்போது கருப்பூர் அரசுக் கல்லூரியை மேலே வையுங்கள். அதற்குக் கீழே, மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. உள்ள, வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரிகளை வரிசையாகப் போடுங்கள். கோவை கடைசியில் இருக்கட்டும்.