எண்ணெயில் தோய்த்ததும் வளைந்த கத்தி

பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த கத்தி 2 மி.மீ. வளைந்துவிட்டது, எப்படி நிமிர்த்துவது என்று கேட்டிருந்தீர்கள். சுத்தியலால் தட்டாதீர்கள். தோய்த்த நிலையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தி கண்ணாடி மாதிரி, வளைவை எடுக்கப்போய்க் கத்தியே இரண்டாகிவிடும்.

முதலில் 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணிநேரம் டெம்பர் செய்து (உடையும் தன்மை குறைய மிதமாகச் சூடாக்கி) ஆறவிடுங்கள். அப்புறம் கனமான ஆங்கிள் இரும்பின்மேல், புடைத்த பக்கம் மேலே இருக்கும்படி கத்தியை வையுங்கள். இரு முனைக்கும் அடியில் ஒவ்வொரு ரூபாய்க் காசு. நடுவில் கிளாம்பை மெதுவாக இறுக்குங்கள். நேராவதைத் தாண்டி எதிர்ப்பக்கம் துளி வளைய வேண்டும். கிளாம்போடு அப்படியே மறுபடி அதே சூட்டில் இரண்டு மணிநேரம். ஆறியபின்தான் கழற்றணும்.

ஒரு பக்கம் அதிகம் தேய்த்ததால்தான் வளைந்திருக்கும் என்பது என் சந்தேகம். கத்தியின் வாயை (வெட்டும் விளிம்பை) மேலே திருப்பி, இரண்டு சரிவும் சமமா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

முறுக்கிக்கொண்ட கத்திக்கு இது சரிவராது. அதைத் திரும்பக் காய்ச்சி நிமிர்த்தித்தான் தோய்க்க வேண்டும்.