டங்ஸ்டன் ஏன் நடுவில் குவிகிறது? பொருத்தத்தில் விடுபடுவது எது?

கேள்வி: டோகாமாக் (சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவி) பிளாஸ்மாவில் மாசாகக் கலக்கும் டங்ஸ்டனின் அடர்த்தி, ஆரத்தோடு மாறும் வளைவுக்கு விரவல் கெழுவையும் (மாசு பரவும் வேகத்தின் அளவு) மையத்தை நோக்கிய உள்ளிழுப்பு வேகத்தையும் பொருத்துகிறேன். பல ஜோடி எண்கள் ஒரே அளவுக்குப் பொருந்துகின்றன. நிரலில் பிழையா?

நிரலில் பிழை இல்லை, தரவுதான் போதவில்லை. மாறாநிலையில், உள்ளே மாசு உற்பத்தியாகாத இடத்தில், வளைவின் சரிவு சொல்வது இழுப்புக்கும் விரவலுக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. இரண்டையும் பத்து மடங்காக்கினாலும் வளைவு அசையாது. இரண்டையும் பிரிக்கக் காலத்தோடு மாறும் தரவு வேண்டும்.

வழக்கமான வழி லேசர் தெறிப்பு. கண்ணாடித் தகட்டில் பூசிய மெல்லிய உலோகப் படலத்தை ஒரே துடிப்பில் பெயர்த்து உள்ளே அனுப்புவார்கள். பிளாஸ்மாவின் வெப்பநிலையும் கதிர்வீச்சுத் திறனும் மாறாத அளவுக்கு அந்த உலோகத்தின் அளவு சிறிதாக இருக்க வேண்டும்; மாறிவிட்டால் நீங்கள் அளப்பது வேறொரு பிளாஸ்மா. மென் எக்ஸ் கதிர் உணரிகளில் ஒவ்வோர் ஆரத்திலும் சமிக்ஞை ஏறும் வேகத்தைப் பாருங்கள். இடையில் ஒரு ரம்பப்பல் சரிவு (மைய வெப்பநிலை மெல்ல ஏறித் திடீரென விழும் நிகழ்வு) நேர்ந்தால் அது மையத்தைக் கலக்கிவிடும். அதையும் சேர்த்துப் பொருத்தினால் விரவல் பொய்யாகப் பெருத்துத் தெரியும். இரண்டு ரம்பப்பல் சரிவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுங்கள்.

இன்னொரு பொறி, நடுநிலைக் கற்றையால் (பிளாஸ்மாவைச் சூடாக்கப் பாய்ச்சும் மின்சுமையற்ற வேக அணுக்கள்) வேகமாகச் சுழலும் பிளாஸ்மா. கனமான டங்ஸ்டனை மையவிலக்கு விசை வெளிப்பக்கம் தள்ளுவதால் ஒரே காந்தப் பரப்பிலேயே (காந்தப்புலக் கோடுகள் படிந்திருக்கும் வளையப் பரப்பு) அடர்த்தி சீராக இருக்காது. ஆரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் மாதிரி அங்கே ஏமாற்றும்.

கொந்தளிப்பு எல்லாவற்றையும் கலக்கிவிடாதா என்பது நியாயமான சந்தேகம். ஆரத்தின் நடுப்பகுதியில் அது உண்மை: விரவல் கெழு நொடிக்கு ஒரு சதுர மீட்டர் அளவில் இருக்கும். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து தரும் நகர்வு அயனியின் மின்சுமையைப் பார்ப்பதில்லை என்பதால், டங்ஸ்டன் தனித்துக் குவிய அங்கே பெரிய காரணமில்லை. மையத்தில் கொந்தளிப்பு தளர்கிறது. மோதல்களால் வரும் பெயர்ச்சி மேலோங்குகிறது. எரிபொருள் அடர்த்தி நடுவில் கூர்ந்திருந்தால் இது மாசை உள்ளே இழுக்கும், மின்சுமை கூடக்கூட இழுப்பும் கூடும். அயனி வெப்பநிலையின் சரிவு பெரும்பாலும் எதிர்த்து வெளியே தள்ளும்.

ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு டோகாமாக்கிலும், 2011 முதல் டங்ஸ்டன் அடித்தட்டுடன் இயங்கிய, இங்கிலாந்தில் இருந்த ஜெட் டோகாமாக்கிலும் மையத்தை ரேடியோ அலையால் சூடாக்கி இந்தக் குவிதலைச் சமாளித்தார்கள். அடர்த்திச் சரிவு தட்டையாகும், மையத்தில் விரவலும் கூடும். எரியும் பிளாஸ்மாவில் (இணைவு வினையே பெருமளவு சூட்டைத் தரும் நிலை) டங்ஸ்டன் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தொட்டாலே கதிர்வீச்சு இழப்பு தாங்காது. அதனால் உங்கள் பொருத்தத்தில் மைய ஆரங்களுக்குத் தனிக் கெழு வைத்து, அதன் பிழை எல்லையையும் கட்டாயம் குறியுங்கள்.