ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6. கோட்டைக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது. குகை இருக்கிற மலைக்குப் போக வேண்டும், அதன் உச்சியில் ஏற வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். மாமியாருக்கு முழங்கால் வலி. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசில்லை. அரை நாளில் போய் வர ஓரிடம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி

பதில்: வள்ளிமலைக்குப் போங்கள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர் போல இருக்கும், காட்பாடி தாண்டிப் போக வேண்டும். மிரட்டுகிற மலை இல்லை, ஏறப் படிக்கட்டு உண்டு. மேலே பாறையைக் குடைந்த முருகன் கோயில், அதே மலையில் சமணக் குகை. பையன் கேட்டது இரண்டும் கிடைத்துவிடும்.

மாமியாரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அடிவாரத்திலும் கோயில் இருக்கிறது, வள்ளிக்கு அங்கே தனிச் சன்னிதி. துணைக்கு உங்கள் வீட்டுக்காரரோ நீங்களோ கீழே இருந்தால் போதும். இரண்டு பேரும் மேலே போய்த்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நேரம்தான் முக்கியம். நான் ஒரு சித்திரை மாதம், காலை பதினோரு மணிக்கு, வெறுங்காலோடு ஏறப் போனேன். பாதிப் படியில் தோசைக்கல் மேல் நின்ற மாதிரி குதித்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த தயிர்சாதப் பையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள். தின்பண்டம் எதுவும் கையில் தெரியக் கூடாது, முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். கிருத்திகையும் மாசித் தேரும் கூட்ட நாட்கள், சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

ஆறு வயதுக்காரி பாதியில் தூக்கச் சொல்வாள். அதற்குக் கதைதான் மருந்து. வள்ளி தினைப்புனம் காத்தது இந்த மலையில்தான் என்பார்கள். பரண் மேல் நின்று கவண் வீசி, 'ஆலோலம்' என்று கிளி விரட்டியவள். முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டானாம். வள்ளி சுனைக்குக் கூட்டிப் போனாள். கதையை அந்த விக்கலோடு நிறுத்தி, மிச்சத்தை மேலே போய்ச் சொல்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், நடந்துவிடுவாள். வீட்டிலிருந்தே தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து, நாலு உருண்டை எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

சமணக் குகைக்குப் பாதை வேறு. அடிவாரத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் உட்கார வேண்டிய இடம் அது. பாறை முகத்தில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் ராஜமல்லன் இந்த மலையைப் பார்த்து, இங்கே சமணக் கோயில் அமைத்த செய்தி அதில் இருக்கிறது. கன்னடத்தில் எழுதிய கல்வெட்டும் உண்டு. நம்மூர் மலையில் கன்னடம் ஏன் வந்தது என்று பையனிடமே கேளுங்கள். கங்கர்கள் ஆண்டது தலைக்காட்டிலிருந்து, இன்றைய மைசூர்ப் பக்கம். சிற்பத்தைக் கையால் தடவாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஆணியால் பெயர் கிறுக்கிவிட்டுப் போகிற அண்ணன்கள் இல்லாத மலை நம் பக்கத்தில் ஏது?

உச்சிக்குப் போக முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். குழந்தை சிணுங்குகிற இடம்தான் அன்றைக்கு உச்சி.

இறங்கும்போது மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். அப்புறம், பொன்னையாற்றங்கரையில் இருக்கிற மேல்பாடி ஊர் பக்கத்தில்தான். ஆற்றூரில் இறந்த தன் தாத்தா அரிஞ்சயனின் நினைவாக ராஜராஜன் எடுத்த கோயில் அங்கே இருக்கிறது. சமதரை, படியேறும் வேலை இல்லை. அதை மாமியார் முன்னால் நடந்து பார்க்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.